உள்ளங்கால் வளைவு: சிலருக்கு ஏன் உயரம், சிலருக்கு ஏன் தாழ்வு?

திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு ஈரக்காலோடு வருகிறவர்களின் தடங்களைக் காய்ந்த தரையில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவருடைய தடத்தில் குதிக்கால், வெளிப்பக்கமாக ஒரு பட்டை, முன்பாதம், விரல்கள் எல்லாம் விழுந்திருக்கும். உட்பக்கம் மட்டும் வளைந்து வெறுமையாக இருக்கும். அடுத்தவருடையதில் அந்த வெறுமையே இருக்காது, உள்ளங்கால் முழுவதும் அப்படியே பதிந்திருக்கும். மூன்றாமவருடையதில் குதிக்கால் ஒரு பக்கம், முன்பாதம் ஒரு பக்கம். இடையில் மெல்லிய ஈரக்கோடு, சிலவேளை அதுவும் இல்லை. ஆனால் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல்தான் நடந்து போகிறார்கள்.

இந்தத் தடங்களின் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளங்கால் வளைவின் உயரம். உட்பக்கம் நிலத்திலிருந்து எழும்பி நிற்கிற அந்தப் பகுதி சிலருக்கு நன்றாக உயர்ந்திருக்கிறது, சிலருக்குத் தாழ்ந்திருக்கிறது. நலமாக இருக்கும் வளர்ந்தவர்களிடமே இது பல அளவுகளில் காணப்படுகிறது. ஆனாலும் ‘தட்டைப் பாதம்’ என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டில் பயம் பிடித்துக்கொள்கிறது. “பிள்ளைக்குக் கால் தட்டையாக இருக்கே, பெரியவனானால் ஓடமாட்டானோ?” என்று கேட்கிற தாய்மாரை உப்புவெளியிலும் கேட்கலாம், கிண்ணியாவிலும் கேட்கலாம். அந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது. ஏன் என்று விளங்கிக்கொள்ள, வளைவு எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வளைவு எப்படி நிற்கிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை மூன்று வளைவுகளாக அமைந்திருக்கின்றன: உட்பக்கம் நீளமாக ஒன்று, வெளிப்பக்கம் நீளமாக ஒன்று, குறுக்காக ஒன்று. நாம் பொதுவாகப் பேசுவது உட்பக்க வளைவைத்தான், உயரமானதும் அதுதான். பின்னால் குதியெலும்பு, அதன் மேல் கணுவெலும்பு, அதற்கு முன்னால் படகெலும்பு, பிறகு மூன்று சிறிய எலும்புகள், கடைசியாகப் பெருவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் நோக்கிப் போகும் மூன்று நீண்ட எலும்புகள். இவ்வளவும் சேர்ந்தால் உட்பக்க வளைவு.

படகெலும்பை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். கதிரையில் உட்கார்ந்துகொண்டு, கணுக்காலின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பில் விரலை வையுங்கள். அங்கிருந்து பெருவிரலை நோக்கி, சற்றுக் கீழாகவும் முன்னாலும் விரலை நகர்த்தினால் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் இன்னொரு சிறிய மேடு தட்டுப்படும். அதுதான் படகெலும்பின் உட்பக்க முனை. அதில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பாதம் நிலத்தைத் தொட்டபடி, பாரம் போடாமல் உட்கார்ந்திருக்கும்போது புள்ளி நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு மட்டையை நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழும்பி இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். புள்ளி கீழே இறங்கியிருக்கும். மருத்துவர்களும் பிசியோதெரபி செய்பவர்களும் 1982 முதல் பயன்படுத்தி வரும் ஒரு சோதனையின் வீட்டு வடிவம் இது. 10 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் ‘கொஞ்சம் கூடுதல்’ என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இங்கே ஒரு விஷயம் வெளிச்சமாகிறது. வளைவு ஒரே உயரத்தில் விறைத்து நிற்கும் பொருள் அல்ல. பாரம் ஏறினால் தாழ்கிறது, பாரம் இறங்கினால் உயர்கிறது. தாழ்வதுதான் அதன் வேலையே. அடி வைக்கும் அதிர்ச்சியை அது அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது.

தாழ்ந்தது திரும்ப எப்படி எழும்புகிறது? வளைவை ஒரு வில் என்று வைத்துக்கொண்டால், குதியெலும்பிலிருந்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டைதான் அதன் நாண். விரல்கள் மேலே மடங்கினால் நாண் இறுகும், வில்லின் இரண்டு முனைகளும் நெருங்கும், வளைவு உயரும். ஹிக்ஸ் என்பவர் 1954 இல் இந்த இயக்கத்தை விளக்கினார். நீங்கள் நின்றுகொண்டிருக்க, வேறொருவரைக் குனிந்து உங்கள் பெருவிரலை மெதுவாக மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் தானாக எழும்புவது கண்ணுக்குத் தெரியும். பலருடைய தட்டையான பாதத்தில்கூட அந்த நேரத்தில் ஒரு வளைவு தோன்றிவிடும். நடக்கும்போது குதிக்காலைத் தூக்கி விரல்களை ஊன்றி முன்னே உந்துகிறோமே, அந்தக் கணத்தில் நடப்பதும் இதுதான். அதுவரை நெகிழ்ந்திருந்த பாதம் அப்போது இறுகி, உந்துவதற்கு உறுதியாகிவிடுகிறது.

ஓடும்போது வளைவு இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வோர் அடியிலும் உடல் கையாளும் இயக்க ஆற்றலில் ஏறக்குறைய 17 சதவீதத்தை வளைவு சேமித்துத் திருப்பித் தருகிறது என்று 1987 இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். குறுக்கு வளைவைப் பல காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் அதனால்தான் வருகிறது என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே உட்பக்க வளைவின் உயரத்தை மட்டும் வைத்து ஒரு பாதத்தின் பலத்தைச் சொல்லிவிட முடியாது.

எலும்பும் நாரும் மட்டும் போதாது, தசைகளும் வேண்டும். கெண்டைக்காலின் ஆழத்தில் தொடங்கும் ஒரு தசையின் நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதி), கணுக்காலின் உட்பக்கத்துக்குப் பின்னால் சுற்றி வந்து அதே படகெலும்பில் பிடித்திருக்கிறது. உள்ளங்காலுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் சின்னத் தசைகளும் பல இருக்கின்றன. உள்ளங்கால் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து 2003 இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். அந்தச் சின்னத் தசைகள் வேலை செய்யாமல் போனதும், நிற்கும்போது படகெலும்பு முன்னையைவிடக் கூடுதலாக இறங்கியது.

நிலாவெளிப் பக்கம் காலை நேரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்கிறபோது குதிக்கால் மணலுக்குள் புதைகிறது, பத்து விரல்களும் மடங்கி மணலைக் கவ்வுகின்றன, கணுக்கால் உட்புறம் நாண் புடைத்து நிற்கிறது. அடுத்த அடிக்குக் காலை எடுத்ததும் எல்லாம் தளர்கிறது, ஊன்றியதும் திரும்ப இறுகுகிறது. மேலே சொன்ன தசைகள் எல்லாம் சேர்ந்து உழைப்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் காண்பது அரிது.

எப்படி அளக்கிறார்கள்?

ஈரத்தடம் சுலபமான வழி. அதை எண்ணாக்கும் முறை ஒன்றை 1987 இல் கவானாவும் ரொட்ஜர்ஸும் தந்தார்கள். விரல்களை விட்டுவிட்டு, மிச்சத் தடத்தை நீளவாக்கில் மூன்று சம பங்காகப் பிரிக்க வேண்டும். நடுப்பங்கின் பரப்பு, மொத்தப் பரப்பில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 0.21க்குக் குறைந்தால் உயர்ந்த வளைவு, 0.26க்குக் கூடினால் தாழ்ந்த வளைவு, இடைப்பட்டது நடுத்தரம்.

ஆனால் தடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது காட்டுவது தோல் எங்கே நிலத்தைத் தொடுகிறது என்பதைத்தான். உடம்பு பருத்தவரின் உள்ளங்காலில் கொழுப்பும் சதையும் கூடுதலாக இருந்தால், உள்ளே எலும்பு வளைவு நன்றாக இருந்தும் தடம் தட்டையாக விழலாம். கைக்குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் இந்தக் கொழுப்புத்தான். அதனால் எலும்பின் உயரத்தையே அளப்பது மேல். வெறும் மில்லிமீற்றரும் போதாது, பெரிய பாதத்தில் வளைவும் பெரிதாகத்தானே இருக்கும்? ஆகவே பாத நீளத்தின் சரிபாதியில் மேற்பாதத்தின் உயரத்தை எடுத்து, விரல்களை விட்ட பாத நீளத்தால் வகுக்கிறார்கள். பொழுதுபோக்காக ஓடும் 100 பேரை இப்படி அளந்தபோது சராசரி, உட்கார்ந்த நிலையில் சுமார் 0.36, நின்ற நிலையில் 0.34.

கண்ணால் பார்த்து ஆறு அம்சங்களுக்குப் புள்ளி போடும் முறையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் −2 முதல் +2 வரை. கூட்டினால் −12 முதல் +12 வரை. புள்ளி கூடினால் பாதம் உட்பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்திருக்கிறது என்று பொருள். 1648 அளவீடுகளைத் திரட்டி 2008 இல் பார்த்தபோது, நலமான வளர்ந்தவர்களின் சராசரி 0 அல்ல, +4 என்று வந்தது. எனக்கு இது மிகவும் முக்கியமான எண். பாதம் கொஞ்சம் உட்பக்கம் சாய்வதுதான் மனிதரின் இயல்பு. நேராக நிற்கும் படம் பாடப்புத்தகத்தில் இருக்கலாம், அதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் ‘குறை’ உள்ளவர்களாகிவிடுவார்கள்.

எவையெல்லாம் உயரத்தைத் தீர்மானிக்கின்றன?

முதலில் பிறப்பு. எலும்புகளின் வடிவமும் இணைப்பு நார்களின் இறுக்கமும் பெற்றோரிடமிருந்து வருகின்றன. கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிற, முழங்கை பின்பக்கம் கொஞ்சம் வளைகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு உடம்பெங்கும் மூட்டுகள் தளர்வு. பாரம் ஏறும்போது அவர்களின் வளைவும் கூடுதலாகத் தாழும்.

அடுத்தது வளர்ச்சி. எழும்பி நடக்கத் தொடங்கும் பிள்ளைகள் எல்லோருக்குமே பாதம் தட்டைதான். முதல் பத்து ஆண்டுகளில் வளைவு மெல்ல மெல்ல உருவாகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் தட்டைப் பாதத்தைப் பார்த்துக் கலங்க ஒன்றுமில்லை.

காலணி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், நமக்குப் பக்கத்திலேயே அந்த ஆய்வு நடந்திருக்கிறது. இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் பாதத்தடங்களைப் பார்த்து 1992 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. காலணி போட்டுப் பழகிய பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். காலணி போட்டவர்களிலும் முன்பக்கம் மூடிய சப்பாத்துப் போட்டவர்களுக்குத்தான் அதிகம், செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. 1995 இல் வளர்ந்தவர்கள் 1846 பேரைப் பார்த்தார்கள். 16 வயதுக்குப் பிறகு சப்பாத்துப் போடத் தொடங்கியவர்களில் தட்டைப் பாதம் 1.75 சதவீதம். அதற்கு முன்பே தொடங்கியவர்களில் 3.2 சதவீதத்துக்குச் சற்று மேல். உடல் பருத்தவர்களிடமும் மூட்டுத் தளர்ந்தவர்களிடமும் கூடுதலாகக் கண்டார்கள். ஜெர்மனியையும் தென்னாபிரிக்காவையும் சேர்ந்த பிள்ளைகளை ஒப்பிட்ட 2017 ஆம் ஆண்டு ஆய்விலும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்கு வளைவு உயர்ந்திருந்தது.

இவை ஒரு தொடர்பைக் காட்டுகின்றன, சப்பாத்துத்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. வெறுங்காலோடு வளரும் பிள்ளை கூடுதலாக ஓடியாடும், மெலிந்தும் இருக்கலாம். ஆனாலும் திசை ஒன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பதும், டச்சுக்குடா மணலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதும், கோணேசர் கோவிலில் வெறுங்காலோடு சுற்றி வருவதும் நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்துப் போட்டே ஆக வேண்டும், சரி. வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் போட வேண்டும்? கண்ணாடித்துண்டும் ஆணியும் இல்லாத முற்றம் இருந்தால் பிள்ளையை வெறுங்காலோடு விடுங்கள்.

உடல் எடையைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. தடத்தை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பருமனும் தட்டைப் பாதமும் சேர்ந்தே வருகின்றன. மேலே சொன்ன ஆறு அம்ச முறையில், எடைக்கும் பாத நிலைக்கும் தொடர்பு தெரியவில்லை. தடத்தில் கொழுப்பும் சேர்ந்து பதிவது இந்த முரணுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆண், பெண் வித்தியாசமும் அப்படித்தான்: உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் ஆண்களின் வளைவு சராசரியாகக் கொஞ்சம் விறைப்பு, பெண்களுடையது கொஞ்சம் நெகிழ்வு.

கர்ப்பம் பெண்களின் பாதத்தை நிலையாக மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. “முதல் பிள்ளைக்குப் பிறகு பழைய செருப்பு அளவில்லை” என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் கதை இல்லை. அமெரிக்காவில் 49 பெண்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் பிரசவத்துக்கு 19 வாரங்களுக்குப் பிறகும் அளந்து 2013 இல் வெளியிட்டார்கள். வளைவின் உயரமும் விறைப்பும் குறைந்திருந்தன, பாதம் நீண்டிருந்தது. முதல் கர்ப்பத்தில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. கூடிய எடையும் ஹோர்மோன்களால் நார்கள் தளர்வதும் சேர்ந்து இதைச் செய்வதாகக் கருதுகிறார்கள். ஆகவே பிரசவத்துக்குப் பிறகு பழைய அளவில் காலைத் திணிக்காமல், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

வயது போகப்போகப் படகெலும்பைத் தாங்கும் நாணும் நார்களும் தளர்வதால் வளைவு தாழும் பக்கம்தான் போகிறது. கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் அப்படியே: கணுக்கால் மடங்க மறுத்தால் பாதத்தின் நடுப்பகுதி அதற்கு ஈடாக மடங்கிக்கொடுக்கும். நீண்ட தூரம் ஓடி முடித்ததும் வளைவு தற்காலிகமாகத் தாழ்வதுண்டு.

உழைப்பும் சேர்கிறது. மெக்சிகோவின் தராஹுமாரா மக்கள் ரயர்த் துண்டில் செய்த மெல்லிய செருப்போடு மலைகளில் நடப்பவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரை அமெரிக்கர்களோடு ஒப்பிட்டு 2018 இல் வந்த ஆய்வில், மெல்லிய செருப்புக்காரர்களின் வளைவு கூடுதல் விறைப்பாகவும் உள்ளங்கால் தசைகளில் சில பெரிதாகவும் இருந்தன.

தாழ்ந்தால் கெடுதலா?

கனடாவில் ஏறக்குறைய 3600 படைவீரர்களின் பாதங்களை ஆராய்ந்து ஹரிஸும் பீத்தும் 1947 இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. நெகிழ்வான தட்டைப் பாதம் பெரும்பாலும் தொந்தரவு தராத ஓர் இயல்பு வடிவம்தான்; குதிக்கால் நாண் குறுகியிருக்கிறபோதுதான் வலி வருகிறது என்றார்கள். அமெரிக்கத் தரைப்படையில் பயிற்சிக்கு வந்த 246 பேரைப் பற்றிய 1993 ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்பானது. பாதம் மிகத் தட்டையாக இருந்த 20 சதவீதத்தினருக்குத்தான் காயங்கள் குறைவு, வளைவு மிக உயர்ந்தவர்களுக்குக் கூடுதல். உயர்ந்த வளைவு பெரும்பாலும் விறைப்பானது. அதிர்ச்சியை வாங்காது, பாரமும் குதிக்காலிலும் முன்பாதத்திலும் மட்டுமே விழுகிறது. தாழ்ந்த வளைவைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உயர்ந்த வளைவைப் பெருமையாக நினைப்பது சரியல்ல.

பிள்ளைகளுக்கு விசேஷ சப்பாத்தும் உள்ளங்கால் தாங்கியும் வாங்கிக் கொடுத்தால் வளைவு உயருமா? நெகிழ்வான தட்டைப் பாதம் உள்ள 129 பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, மூன்று ஆண்டுகள் கவனித்து 1989 இல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் விட்ட பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லோருக்கும் வளர்ச்சியோடு வளைவு கொஞ்சம் கூடியிருந்தது. வலி இல்லாத பிள்ளைக்குத் தாங்கி வாங்கும் காசில், விரல்களை நெரிக்காத அளவான சப்பாத்து வாங்கலாம் என்பது என் கருத்து. வலி உள்ள வளர்ந்தவருக்குத் தாங்கி ஆறுதல் தரலாம், அது வேறு கதை. அதுவும் வலியைக் குறைப்பதற்குத்தான், எலும்பை மாற்றுவதற்கு அல்ல.

உங்கள் பாதம் நெகிழ்வானதா என்று அறிய, சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நில்லுங்கள். தட்டையாக இருந்த இடத்தில் வளைவு எழும்பினால் நெகிழ்வு. எழும்பாவிட்டால் எலும்புகளுக்கிடையில் பிணைப்பு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஒற்றைக் காலில் குதிக்காலைத் தூக்க முடியாமல், கணுக்காலின் உட்பக்கப் பின்புறம் வலித்து, ஒரு கால் மட்டும் அண்மையில் தட்டையாகியிருந்தால் படகெலும்பைத் தாங்கும் நாண் பழுதாகி வருகிறது என்று சந்தேகிக்கலாம். வளர்ந்த பிறகு புதிதாக வரும் தட்டை, பிறந்ததிலிருந்து இருக்கும் தட்டையைப் போல் அல்ல. வளைவு வரவர உயர்ந்துகொண்டே போய், கால் தடுமாறினால் நரம்புக் கோளாறு இருக்கலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம். ஒரு பாதம் திடீரென்று வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உணர்வு மங்கிய பாதத்தில் எலும்புகள் உடைந்து வளைவு சரிவது அப்படித்தான் தொடங்குகிறது, அந்தக் காலில் நடக்க நடக்கச் சேதம் கூடும். மருத்துவரைப் பார்க்கும்வரை அதில் பாரம் போட வேண்டாம்.